பறந்து போய் யாரிடம் பேசுகிறோம்?

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசி வாரத்தில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, பல நாட்டுக் கல்லூரி மாணவர்கள் இருவர் இருவராக ஏதோ ஒரு நகரத்தில் வந்து இறங்குகிறார்கள். 1981-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டி சிட்னி, டொரண்டோ, மணிலா, கேப் டவுன், மாட்ரிட் என்று ஊர் ஊராகச் சுற்றி வந்திருக்கிறது. 2014-ஆம் ஆண்டுப் போட்டி சென்னையிலேயே நடந்தது. ஓடுபவரோ கால்பந்து ஆடுபவரோ வெளிநாடு போவதற்கு விளக்கம் தேவையில்லை, எதிராளி அங்கே இருக்கிறார், அவ்வளவுதான். விவாதிப்பவருக்கு எதிராளி மட்டும் போதாது. மனம் மாறக்கூடிய ஒருவர் எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டும். மாணவர்களின் வெளிநாட்டு விவாதப் பயணம் கடந்த நூறாண்டுகளில் மேலும் மேலும் நியாயமான போட்டியாக வளர்ந்திருக்கிறது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வளர்ச்சிக்கு விலையாக, போன ஊரின் மனிதரைக் கேட்பவர் இடத்திலிருந்து அது எழுப்பி வெளியே அனுப்பிவிட்டது. பயணத்தின் செலவு குறையவில்லை, பயணம் எதற்கோ அதுதான் குறைந்துவிட்டது.

முதலில் போட்டி நடக்கும் அறையைப் பார்க்கலாம். நான்கு அணிகள், எட்டுப் பேச்சாளர்கள். தலைப்பு அறிவிக்கப்பட்டதும் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அதற்குள் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, இணையத்தைத் தொடாமல், வெள்ளைத்தாளில் வாதங்களைப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும். ஆதரித்துப் பேசுவதா எதிர்ப்பதா என்பது அவர்கள் கையில் இல்லை, அது ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் ஏழு நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் போக, இடையில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம், ஏற்பதும் மறுப்பதும் பேசுபவர் விருப்பம். முடிந்ததும் நடுவர்கள் கூடிப் பேசி நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி, பெரும்பாலான சுற்றுகளில் காரணத்தையும் அங்கேயே சொல்கிறார்கள். "உங்கள் இரண்டாவது வாதத்துக்கு எதிரணி பதில் சொல்லவில்லை, ஆனால் அது ஏன் முக்கியம் என்று நீங்களும் சொல்லவில்லை" என்ற வகையில் ஒரு தீர்ப்பைக் கேட்கும் பத்தொன்பது வயது மாணவர், மூன்றாண்டு வகுப்பறையில் கிடைக்காத பாடத்தை அந்தப் பத்து நிமிடத்தில் பெறுகிறார். பக்கத்தைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத விவாதம் மனசாட்சியைக் கெடுக்கும் என்று அமெரிக்க அதிபராக இருந்த தியடோர் ரூஸ்வெல்ட் 1913-இல் வெளியான தன் வாழ்க்கை வரலாற்றில் கடிந்திருக்கிறார். நான் அதை ஏற்கவில்லை. தனக்குப் பிடிக்காத தரப்பின் மிக வலுவான வடிவத்தை ஒருமுறையாவது தன் வாயால் சொல்லிப் பார்த்தவர், அந்தத் தரப்பாரை முட்டாள்கள் என்று அத்தனை எளிதில் ஒதுக்க மாட்டார்.

நியாயத்துக்கும் சான்று உண்டு. நெடுங்காலம் இந்தப் போட்டியின் முதன்மைக் கோப்பை ஆங்கிலம் பேசும் நாடுகளின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்கே போனது. 2021-இல் குரோவேஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகம் வென்றது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட அணி ஒன்று முதன்மைப் பட்டத்தைப் பெற்றது அதுவே முதல் தடவை. அடுத்து 2022-இல் வங்கதேசத்தின் பிராக் பல்கலைக்கழகம் வென்று, ஆசியாவுக்கு முதல் பட்டத்தைக் கொண்டுவந்தது. பெயரைப் பார்க்காமல் வாதத்தைப் பார்க்கும் நடுவர் முறை இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் போட்டி இணையவழி நடந்த ஆண்டுகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டே இரண்டு முடிவுகளை வைத்து விதி எழுத முடியாதுதான். என்றாலும் விமான டிக்கெட்டும் விசாவும் இல்லாத ஆண்டில் யாருக்கெல்லாம் மேடை திறக்கிறது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஐரோப்பாவில் போட்டி என்றால் இந்திய மாணவர் ஷெங்கன் விசாவுக்கு அப்பாவின் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், குறைந்தது முப்பதாயிரம் யூரோவுக்கான பயணக் காப்பீடு எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். மறுக்கப்பட்டால் கட்டிய கட்டணம் திரும்பாது. பாரிஸிலிருந்து மாட்ரிட் போகும் மாணவர் அடையாள அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அறைக்குள் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அந்த அறையின் வாசல்படி எல்லாருக்கும் ஒரே உயரமாக இல்லை.

இவ்வளவு தடையைத் தாண்டிப் போவதில் அப்படி என்ன கிடைக்கிறது? பழைய பயணங்களைப் பார்த்தால் விடை தெரிகிறது. 1921-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள பேட்ஸ் என்ற சிறு கல்லூரியின் மாணவர்கள் கப்பலேறி ஆக்ஸ்போர்டுக்குப் போய் விவாதித்தார்கள். அடுத்த ஆண்டு ஆக்ஸ்போர்டு அணி அமெரிக்கா வந்தது. 1924, 1925-இல் கிறிஸ்டோபர் ஹாலிஸ், டக்ளஸ் வுட்ரஃப், மால்கம் மெக்டொனால்டு ஆகிய மூவர் ஆக்ஸ்போர்டின் சார்பில் அமெரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று சுற்றிவந்தார்கள். மெக்டொனால்டு பின்னாளில் தென்கிழக்காசியாவில் பிரிட்டனின் தலைமைப் பிரதிநிதியாகவும் இந்தியாவில் அதன் உயர் ஆணையராகவும் இருந்தவர். இவர்கள் ஊர் மக்கள் கூடிய அரங்குகளில் பேசினார்கள். ஆக்ஸ்போர்டு விவாத மன்றத்தின் வழக்கமே கேட்டவர்கள் வாக்களித்து முடிவு சொல்வது. நடுவர் மூவரிடம் தீர்ப்பை ஒப்படைத்துப் பழகிய அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அந்த வழக்கமே ஒரு பாடமாக அமைந்தது. விவாதத்துக்கு முன்னும் பின்னும் வாக்கெடுத்து, எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்று எண்ணும் முறையும் அக்காலத்தில் அங்கே பரவியது. பனிப்போர் நாட்களில், 1970-களில் தொடங்கி, சோவியத் மாணவர்களும் அமெரிக்கக் கல்லூரி அரங்குகளில் வந்து விவாதித்தார்கள். அந்த அரங்கில் வெற்றி தோல்வியை விடப் பெரியது ஒன்று நடந்தது. ஒரு நாட்டைப் பற்றிச் செய்தித்தாளில் மட்டும் படித்தவர், அந்த நாட்டு இளைஞன் ஒருவன் தன் எதிரே நின்று நியாயம் கேட்பதைக் கண்டார். அந்த இளைஞனும், தன் ஊரில் கைதட்டல் வாங்கிய வாதம் இங்கே யாரையும் அசைக்கவில்லை என்பதைக் கண்டான்.

இன்றைய போட்டியில் அந்த இரண்டாவது அனுபவம் கிடைப்பதே அரிது. அணிகளை அனுப்பும் பல்கலைக்கழகங்களே நடுவர்களையும் அழைத்து வர வேண்டும் என்பது விதி. எனவே தீர்ப்பளிப்பவர்கள் பெரும்பாலும் முன்னாள் போட்டியாளர்கள், அல்லது இன்னும் போட்டியிடுபவர்கள். உலக நடப்பை ஓரளவு அறிந்த, திறந்த மனமுள்ள ஒரு சாதாரண வாக்காளராக நடுவர் தம்மைக் கருதிக்கொள்ள வேண்டும் என்று அவர்களுக்கு அறிவுரை தரப்படுகிறது. அந்த வாக்காளரைக் கற்பனை செய்ய இத்தனை பாடு ஏன்? அவர் வெளியே தெருவில் நிற்கிறார்! அவரை உள்ளே விடாததன் விளைவு பேச்சிலேயே தெரிகிறது. ஏழு நிமிடத்தில் எத்தனை வாதங்களைத் திணிக்க முடியுமோ அத்தனையும் திணிக்கப்படுகின்றன, வேகம் ஏறுகிறது, பழகியவர்களுக்கே புரியும் சுருக்கச் சொற்கள் பெருகுகின்றன. டாக்கா மாணவரும் டப்ளின் மாணவரும் ஒரே ஏற்ற இறக்கத்தில், ஒரே வரிசையில் வாதங்களை அடுக்கிப் பேசப் பழகிவிடுகிறார்கள். 2013 டிசம்பர் இறுதியில் தொடங்கிய சென்னைப் போட்டி இதற்கு நல்ல உதாரணம். புத்தாண்டு நாளில் தொலைக்காட்சியைப் போட்டால் சிறப்புப் பட்டிமன்றம் ஓடும் ஊர் இது. வாதம் கேட்பதைப் பண்டிகையாகவே வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் நடுவே வந்து இறங்கியவர்களுக்கு, அந்தச் சமூகத்தின் முன் ஒரு தடவையாவது நின்று பேச வேண்டும் என்ற கட்டாயம் போட்டியின் அமைப்பில் எங்குமே இல்லை. மாட்ரிட்டிலும் இல்லை, கேப் டவுனிலும் இல்லை. ஊர் மாறுகிறது, அறை மாறுவதில்லை.

கூட்டத்தின் கையில் தீர்ப்பைக் கொடுத்தால் நியாயம் போய்விடும் என்ற மறுப்பு வலுவானது. உள்ளூர் அணிக்குத்தான் கை உயரும், நகைச்சுவை வாதத்தை விழுங்கிவிடும். நம் பட்டிமன்றங்களிலேயே இதைப் பார்க்கிறோம். தலைப்பை மறந்து துணுக்குகளில் ஓடும் பேச்சுக்குத்தான் பெரிய கைதட்டல் விழுகிறது. 1993-இல் சிங்கப்பூரில் சீன மொழியில் நடந்த பன்னாட்டுப் பல்கலைக்கழக விவாதத்தின் இறுதிச் சுற்றில், மனித இயல்பு அடிப்படையில் நல்லதா என்ற தலைப்பில் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழகமும் தேசியத் தைவான் பல்கலைக்கழகமும் மோதின, மறுத்துப் பேசிய ஃபூடான் வென்றது. தொலைக்காட்சிக்கான அந்த விவாதம் சீனக் கல்லூரிகளில் விவாத மோகத்தையே கிளப்பியது. கூடவே, மனப்பாடம் செய்த மேற்கோள்களும் அலங்கார வரிகளும்தான் விவாதம் என்ற எண்ணத்தையும் பலருக்கு ஏற்படுத்தியது. இந்தக் குறைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் இவற்றுக்கு மருந்து பழைய பயணங்களிலேயே இருக்கிறது. வந்தவர் ஒருவரும் உள்ளூர்க்காரர் ஒருவரும் சேர்ந்து ஓர் அணியாக நின்றால், ஊர்ப்பாசம் எந்தப் பக்கமும் சாய வழியில்லை. எத்தனை பேர் மனம் மாறினார்கள் என்பதை மட்டும் எண்ணினால் வெறும் சிரிப்புக்கு மதிப்பெண் குறையும். கோப்பைக்கான தீர்ப்பை நடுவர்களே சொல்லட்டும். அதோடு, போட்டி முடிந்து விமானம் ஏறும் முன், ஒவ்வோர் அணியும் அந்த நகரத்தின் நூலகத்திலோ தொழிற்சங்க மண்டபத்திலோ புள்ளிக் கணக்கில்லாத ஒரு பொது விவாதத்தில் பங்கேற்க வேண்டும் என்று விதி வைக்கலாம். நிதி கொடுக்கும் கல்லூரிகள் அதைத் தங்கள் நிபந்தனையாகவே வைக்கலாம்.

மொழிச் சிக்கலைச் சொல்லி இதை மறுப்பவர்கள் உண்டு. மாட்ரிட் நூலகத்தில் ஆங்கில விவாதம் யாருக்கு என்று கேட்பார்கள். ஸ்பானிய மொழிக்கும் அரபு மொழிக்கும் தனிப் பன்னாட்டுப் போட்டிகள் இருப்பதே அதற்கு விடையின் ஒரு பகுதி. மறுபகுதி நம்மிடம் இருக்கிறது. சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர் ஆகிய நான்கு இடங்களிலும் தமிழில் விவாதிக்கத் தெரிந்த மாணவர்களும் தமிழில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்வழியில் படித்ததால் ஆங்கிலப் போட்டியின் பக்கமே போகாத நல்ல பேச்சாளர்களுக்கும் இந்தப் பயணம் திறந்திருக்கும். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆவதில்லை. பாக் நீரிணையில் தமிழ்நாட்டு விசைப்படகுகள் இழுவைமடியைக் கைவிட வேண்டுமா என்பதைத் தலைப்பாக வைக்கலாம். இலங்கை 2017-இல் அந்தத் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. இராமேசுவரத்தில் அது பல குடும்பங்களின் பிழைப்பு. யாழ்ப்பாணத்தின் குருநகரிலோ இழுவைமடியால் வலை அறுந்து நட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இழுவைமடிப் படகு வைத்திருந்து தடையால் தொழில் இழந்தவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குருநகரில், அந்த இரு சாராரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, இராமேசுவரத்துப் படகுக்காரரின் தரப்பை எடுத்துச் சொல்லும் பொறுப்பு சென்னை மாணவி ஒருத்திக்கும் யாழ்ப்பாண மாணவன் ஒருவனுக்கும் சேர்ந்தே விழுந்தால், அவர்கள் என்ன சொல்வார்கள், எதை விட்டுக்கொடுப்பார்கள், எந்த வாக்கியத்தில் கூட்டம் முணுமுணுக்கும் என்பதை எந்த மதிப்பெண் தாளும் முன்கூட்டிச் சொல்லாது. பயணச் செலவுக்குக் கல்லூரி முதல்வரிடம் கையெழுத்து கேட்டு நிற்கும் விவாத மன்றங்கள் முதலில் இந்த விண்ணப்பத்தை எழுதலாம்.