குப்பை வண்டி உவமையை ஏன் வாபஸ் வாங்குகிறேன்

யுபிக்விட்டின் பற்றி எளிமையாக எழுதிய எதைத் திறந்தாலும் இதே உவமைதான்: செல்லுக்குள் வேண்டாத புரதத்தின் மேல் ஒட்டும் குப்பைச் சீட்டு. 2004-இல் ஹெர்ஷ்கோ, சீகனோவர், ரோஸ் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தபோது அறிவிப்பிலேயே 'மரண முத்தம்' என்றார்கள். நானும் அதையே சொல்லித் திரிந்தவன். பி.இ. படித்து சாப்ட்வேர் எழுதுறவனுக்கு 'கார்பேஜ் கலெக்டர்' என்றால் உடனே புரிந்துவிடும், இல்லையா?

புரிந்துவிட்டது என்பதுதான் சிக்கல். சிந்தாதிரிப்பேட்டையில் எங்கள் தெரு நண்பர் ஒருவரின் மகளுக்கு ஆஞ்சல்மன் நோய். பேச்சு வரவில்லை, வலிப்பு உண்டு, நடை தள்ளாடும், முகத்தில் எப்போதும் சிரிப்பு. மே தினப் பூங்காவில் உட்கார்ந்து அவருக்கு இந்த உவமையை வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ பாப்பா மூளையில குப்பை சேர்ந்துடுச்சு, அதானே சார்? அதை வெளியேத்த ஏதாவது மருந்து இருக்கா?" என்றார். தப்பு அவருடையது இல்லை. உவமையுடையது, அதைச் சொன்ன என்னுடையது.

உள்ளே நடப்பது இதுதான். யுபிக்விட்டின் 76 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். மூன்று வகை நொதிகள் அதைக் கைமாற்றுகின்றன. முதல் வகை தயார் செய்யும், இரண்டாவது சுமக்கும், எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்று மூன்றாவது தேர்ந்தெடுக்கும். மனிதரிடம் மூன்றாம் வகை மட்டும் சுமார் 600. ஒருவிதச் சங்கிலியாக ஒட்டினால் புரோட்டியாசோம் அந்தப் புரதத்தை நறுக்கும். வேறுவிதச் சங்கிலி என்றால் நறுக்காது. இடம் மாற்றும், சமிக்ஞை கடத்தும். ஒட்டியதைப் பிரிக்கவும் தனி நொதிகள் உண்டு. வெறும் குப்பைக்கு இத்தனை நிர்வாகம் எதுக்கு?

ஆஞ்சல்மன் நோயில் வேலை செய்யாமல் போவது யூபிஇ3ஏ என்ற மூன்றாம் வகை நொதி. அதன் மரபணு 15-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. காரணம் இதுதான் என்று 1997-இல் கண்டுபிடித்தார்கள்.

உவமை முழுப் பொய் இல்லை. மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில் நிஹார் ரஞ்சன் ஜனாவின் குழு, தவறாக மடிந்த பாலிகுளூட்டமைன் புரதங்களை இதே நொதி அழிக்க உதவுகிறது என்று 2008-இல் செல்களில் காட்டியது. அங்கே 'சுத்தம்' என்ற சொல் பொருந்தும். ஆனால் ஆஞ்சல்மனுக்கு அதே உவமை மூன்று இடங்களில் உடைகிறது.

ஒன்று, அளவு. குப்பை அள்ளுவது கூடினால் தெரு சுத்தமாகத்தானே வேண்டும்? தாயிடமிருந்து வந்த அந்தக் குரோமோசோம் பகுதி இரட்டித்தால் ஆட்டிசமும் வலிப்பும் வருகின்றன. அந்தப் பகுதியில் வேறு மரபணுக்களும் உண்டு. ஆனாலும் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

இரண்டு, காலம். எலிகளில் இந்த மரபணுவை வெவ்வேறு வயதில் திரும்ப இயக்கிப் பார்த்த ஆய்வு 2015-இல் வந்தது. நடைக் குறைகள் இளவயதில் இயக்கினாலும் சீராயின. பதற்றம், வலிப்பு போன்றவற்றுக்கு மிக ஆரம்பத்திலேயே இயக்க வேண்டியிருந்தது. குப்பை என்றால் எப்போது அள்ளினாலும் சரியாகணும். இது மூளை கட்டப்படும்போதே நடக்க வேண்டிய வேலை.

மூன்று, எது அந்தக் குப்பை? சினாப்ஸில் உள்ள ஆர்க் என்ற புரதத்தை இந்த நொதி நேரடியாகக் குறிக்கிறது என்றது 2010-இல் வந்த ஆய்வு. நேரடியாக இல்லை என்று 2013-இல் வேறொரு குழு மறுத்தது. எது சேர்கிறது என்பதிலேயே வழக்கு இருக்கும்போது நான் பூங்காவில் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் நண்பரிடம் திரும்பப் போய், "அன்னைக்கு தப்பா சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். நியூரானில் தாய் வழி வந்த பிரதி மட்டுமே வேலை செய்கிறது. பாப்பாவுக்கு அது இல்லை. தந்தை வழிப் பிரதி அழியவில்லை. புரோகிராமில் 'கமெண்ட்' போட்டு வைத்த வரி மாதிரி, ஓர் ஆர்.என்.ஏ. அதை மௌனமாக்கி வைத்திருக்கிறது. அந்த ஆர்.என்.ஏ.வைக் குறைத்து, உறங்கும் பிரதியை எலிகளில் எழுப்பியது 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு. மனிதர்களிடமும் சோதனைகள் நடக்கின்றன.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ நான் கொடுத்தது நல்லாத்தான் இருக்கா சார்?"

இருக்கு என்றேன். எழுப்பும் மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தேதான் சொன்னேன்.