மௌனமும் செவியும்: ‘ஸ்பீக்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க எழுத்தாளர் லோரி ஹால்ஸ் அன்டர்சனின் ‘ஸ்பீக்’ (1999), வன்புணர்ச்சிக்குள்ளான மெலின்டா என்னும் பதின்வயதுச் சிறுமியின் ஒரு பாடசாலை ஆண்டைச் சித்திரிப்பது. பேசுதலே விடுதலை என்று இந்நாவலுக்குப் பொருள் கூறுவோர் பலர். அவ்விளக்கம் கதையின் தொடக்கத்தை மறந்துவிடுகின்றது. கோடைகால விருந்தில் கொடுமை நிகழ்ந்தவுடன் பொலிசாரைத் தொலைபேசியில் அழைத்தவள் மெலின்டாவே. விருந்தைக் குலைத்தவள் என மாணவர் அவளை ஒதுக்கினர். அழைத்த காரணத்தை அக்கறையுடன் வினவியவர் இலர். பின்னர் தோழி ரேச்சலிடம் உண்மையை வெளியிட்டபோது, அவளோ பொய்யென வெகுள்கின்றாள். மெலின்டாவின் மௌனம் கேட்பார் இன்மையால் விளைந்தது.

சித்திர ஆசிரியர் பிரீமன் ஒருவரே அவளுக்கு அவகாசம் தருகின்றார். ஆண்டு முழுவதும் மரம் ஒன்றையே அவள் வரைந்தும் செதுக்கியும் தோற்றும் மீளத் தொடங்கும் பகுதிகளே நாவலின் உயிர்நிலை எனலாம்.

எனினும் கலையே மருந்தாகிவிடுமா? உலக சுகாதார நிறுவனம் 2013இல் இளையோருக்கும் பரிந்துரைத்த சிகிச்சைகளுள் மனவடுவை மையப்படுத்திய அறிகை நடத்தைச் சிகிச்சை ஒன்றாகும். கோயன், மனரினோ, டெப்ளிங்கர் ஆகியோர் வகுத்த அதன் வடிவத்தில், நடந்ததை உரைக்கும் கட்டம் முதலில் வருவதில்லை. உடலைத் தளர்த்தவும் உணர்ச்சிகளை இனங்காணவும் பயின்ற பின்னரே பாதிக்கப்பட்டவர் படிப்படியாகத் தம் கதையைச் சொல்கின்றார். ‘குற்றம் என்னுடையதே’ என்னும் எண்ணம் அங்கு ஆராயப்படுகின்றது. பெற்றோருக்கும் அமர்வுகள் உண்டு. மெலின்டாவின் மரம் இவ்வாயத்தத்தின் ஒரு பகுதியை நிறைவேற்றுகின்றது. பெற்றோரின் பங்கை அது ஈடுசெய்யவில்லை. மகளின் மணிக்கட்டுக் கீறலைக் கண்ட தாய் அதனைக் கோழைத்தனம் என்றே கடிகின்றாள்! பாடசாலையோ பெற்றோரை அழைத்துக் கூட்டம் நடத்தி, அவளைத் தண்டனை வகுப்பில் இருத்துவதோடு அமைகின்றது.

நாவலின் குறை அதன் உச்சக்கட்டத்தில் உளது. அதே இளைஞன் மீண்டும் தாக்க, உடைந்த கண்ணாடித் துண்டால் மெலின்டா அவனை அடக்கிய பின்னரே பாடசாலை அவளை நம்புகின்றது. உடல்வலியால் வெல்ல இயலாத சிறுமியரின் சொல்லுக்கு இங்கு இடம் யாது? திடுக்கிடும் நிகழ்ச்சியை வேண்டிய கதையமைப்பு, அதுவரை பொறுமையுடன் வளர்ந்த உளவியல் உண்மையை இவ்விடத்தில் விட்டுக்கொடுத்துள்ளது.

அன்டர்சன், தாம் 13 வயதில் இக்கொடுமைக்கு உள்ளானதை ‘ஷவுட்’ (2019) என்னும் கவிதை வடிவத் தன்வரலாற்றில் எழுதினார். ‘ஸ்பீக்’ நாவலின் இறுதியில் மெலின்டா பிரீமனிடம் சொல்லத் தொடங்குகின்றாள். கதை அங்கு நின்றுவிடுகின்றது. சிகிச்சைக்குரிய மாதங்கள் அதன் பின்னர்தான் வரவேண்டும். அவை நாவலில் இல்லை.