அச்சச் சுவையும் மலைநாட்டுத் திரையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்துள்ளார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. அணங்கு என்பது மக்களை வருத்தும் தெய்வம், பேய் முதலியவற்றைச் சுட்டும். தம் இறை என்பது தம்மை ஆளும் தலைவனைச் சுட்டும். காணப்படாத ஆவியையும் காட்டில் திரியும் விலங்கையும் கூறிய அதே வரிசையில், கண்முன் வீற்றிருந்து ஆணையிடும் தலைவனையும் ஆசிரியர் சேர்த்துரைத்தமை கருதற்குரியது. பழங்காலத்தைக் களமாகக் கொண்ட அச்சத் திரைப்படங்களைத் தேடிக் காண விழைவோர்க்கு இந்நாற்பகுப்பு இன்றும் நல்லதோர் அளவுகோலாகும். ஒரு படம் பேய்ப்படம் எனப் பெயர் பெற்றுள்ளதா என்று கேட்பதினும், அதன் அச்சம் இந்நான்கனுள் எதனிடத்துப் பிறக்கின்றது என்று கேட்பதே பயனுடைத்து.

திடுக்கிடச் செய்தல் வேறு; அஞ்சச் செய்தல் வேறு. முன்னையதற்கு ஓர் உரத்த ஓசை போதும். பின்னையதற்கு இடமும் காலமும் ஒருங்கே வேண்டும். அல்பிரட் ஹிச்கொக் இயக்கிய ரெபெக்கா (1940) என்னும் படத்தில் இறந்துபோன மனைவி ஒருகாலும் திரையில் தோன்றுவதில்லை; ஆயினும் அவ்வீட்டின் ஒவ்வோர் அறையும் அவளுக்கே உரியதாக இருக்கின்றது. ஹென்றி ஜேம்ஸ் 1898 இல் எழுதிய கதையைத் தழுவி ஜாக் கிளேற்றன் இயக்கிய தி இன்னொசென்ற்ஸ் (1961) என்னும் படமோ, ஆவிகள் உண்மையில் உலவுகின்றனவா, பிள்ளைகளைக் காக்க வந்த பெண்ணின் உள்ளமே அவற்றைப் படைக்கின்றதா என்னும் ஐயத்தை இறுதிவரை தீர்க்காமலே விடுகின்றது. இவ்விரண்டிலும் வீடே முதற் பாத்திரம்; இறந்தகாலமே எதிர்த்தலைவன்.

இத்தகைய படத்துக்கு இயற்கை அமைத்த அரங்கு போன்றது இலங்கையின் மத்திய மலைநாடு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. நண்பகலிலும் மஞ்சு இறங்கி ஒற்றையடிப் பாதைகளை மறைக்கும். ஹற்றனைச் சூழ்ந்த மலைகளில் மேட்டின் உச்சியில் துரையின் பங்களாவும், பள்ளத்தில் லயங்களும், இரண்டுக்கும் நடுவே பிரட்டுக்களமும் கொழுந்து அரைக்கும் இஸ்டோரும் அமைந்துள்ளன. காலமும் இங்குப் படிவு படிவாகக் கிடக்கின்றது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. புகையிரதம் 1884 இல் ஹற்றனையும் 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. ஒரு பயிரின் அழிவின்மேல் மற்றொன்று எழுந்த மலை இது.

இம்மலைநாட்டு வாழ்வைக் களமாகக் கொண்டு உலகறிய வந்த படம் வில்லியம் டீற்றர்லே இயக்கிய எலிபன்ற் வோக் (1954). யானைத்தடம் எனப் பொருள்படும் இப்பெயரே கதையின் கருவாகும். யானைகள் நீர்நிலைக்குச் செல்லும் தொன்மையான வழியை மறித்துப் பெரிய பங்களா ஒன்று கட்டப்படுகின்றது. கட்டிய துரை இறந்த பின்னும் அவர் நினைவே அவ்வீட்டை ஆள்கின்றது. இங்கிலாந்திலிருந்து மணமகளாக வரும் ரூத், கணவனின் உள்ளத்திலும் வேலைக்காரர் தலைவன் அப்புஹாமியின் உள்ளத்திலும் அவ்விறந்தவரே வாழ்வதைக் காண்கின்றாள். ஈற்றில் வாந்திபேதி பரவுகின்றது; யானைகள் மதிலை உடைத்து உட்புகுகின்றன; பங்களா எரிந்து அழிகின்றது. இது பேய்ப்படம் அன்று; எனினும் ஆவி உலவும் வீட்டின் இலக்கணம் முழுவதும் இதன்கண் அமைந்துள்ளது. படத்தின் வரலாற்றிலும் ஒரு நிழல் உண்டு. முதலில் தலைவியாக நடித்த விவியன் லீ இலங்கையில் படப்பிடிப்பு நடந்த காலத்தில் நோயுற, எலிசபெத் டெய்லர் அவ்விடத்தை ஏற்றார். ஆயினும் இலங்கையில் எடுக்கப்பட்ட சில தொலைக்காட்சிகளில் நடமாடுபவர் விவியன் லீயே. இறந்தவர் நிழலில் தன் இடத்தைத் தேடும் பெண்ணின் கதையில், விலகிச் சென்றவரின் உருவம் தொலைவில் நடமாடுவது தற்செயலே எனினும் பொருத்தமாகவே உள்ளது.

தொல்காப்பிய வகுப்பின்படி நோக்கின் இப்படத்தில் விலங்கு உண்டு. இறந்த துரை வடிவில் தம் இறையும் உண்டு. ஆனால் அவ்விறைக்கு அஞ்சுவோர் எவர்? மருமகளும் மகனும் அஞ்சுகின்றனர். மலையில் கொழுந்து பறித்தோர் கூட்டமாகவே காட்டப்பெறுகின்றனர். நோய் வந்தபோது வரிசையாகக் கிடத்தப்பெறுகின்றனர். அவர்க்குப் பெயரும் இல்லை, அஞ்சுதற்கு உள்ளமும் இல்லை. படத்தின் அழகு குன்றாவிடினும் அதன் உண்மை இவ்விடத்திற் குறைவுபடுகின்றது.

இக்குறை திரைக்கு மட்டும் உரியதன்று. நுவரெலியாவில் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பாரின் கல்லறை உள்ளது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனப் பெயர்பெற்ற அவர், 1845 இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். யானைகளைக் கொன்ற பழியால் அவர் கல்லறையையும் மின்னல் விடாது தாக்குகின்றது என்பது ஊர்வழக்கு. இதற்கு எதிராக, கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து, வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்ட தமிழர் பல்லாயிரவர்க்குக் கல்லும் இல்லை, கதையும் அரிது. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் விளையும் என்ற ஆசைமொழி கேட்டுப் புறப்பட்டவர் வழித்தோன்றல்களே இன்றைய மலையக மக்கள். அச்சக்கதையில் ஆவியாகத் தோன்றும் உரிமையும் கல்லறை உடையார்க்கே வாய்க்குமாயின், அக்கலை வரலாற்றின் ஓரவஞ்சனையைத் தானும் தொடர்வதாகும்.

லயத்து மக்களிடத்து அச்சக் கற்பனை இல்லாமலில்லை. தொழிற்சாலையின் சுழலும் ரோதையில் ஊறு நேராமற் காக்க ரோதைமுனியை வழிபட்டனர். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுங்கால் கவ்வாத்துச்சாமியை வழிபட்டனர். இரும்புப் பொறியிலும் வெட்டுக் கத்தியிலும் உறையும் தெய்வங்கள் இவை. விடியுமுன் லயத்து மக்களைப் பிரட்டுக்கு எழுப்பிய தப்போசையும், கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டு என்னும் தாளும் இவற்றோடு எண்ணத்தக்கன. கடன் தீராமல் ஒரு தோட்டத்தை விட்டு நீங்க இயலாதவாறு ஒரு குடும்பத்தையே கட்டிய அத்துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சாபத்தை எழுதிய ஓலை பற்றி அயல்நாட்டுக் கதைகள் கூறுவனவற்றினும் இத்துண்டு அச்சந் தருவது. அது கற்பனையன்று.

இந்தியத் திரையை நோக்கின், சிறந்த அச்சப் படங்கள் சில அணங்கைக் காட்டித் தம் இறையையே குற்றவாளியாக நிறுத்தியமை புலனாகும். பிமல் ராய் இயக்கிய மதுமதி (1958) மலைநாட்டுக் காட்டுமரத் தோட்டம் ஒன்றிற் பணிபுரிய வந்தவனின் கதை. மஞ்சும் பாழ்மாளிகையும் அதில் உண்டு. எனினும் மலைமகளாகிய மதுமதி சாகக் காரணமானவன் அத்தோட்டத்தின் உடைமையாளன். ஆவி திரும்பி வருவதும் அவன் குற்றத்தை வெளிப்படுத்தற்கே. ஶ்ரீதரின் நெஞ்சம் மறப்பதில்லை (1963) மறுபிறவிக் கதையாயினும், அதில் அச்சந் தருபவன் பேயல்லன். எளிய குடிப்பெண்ணை மகன் மணப்பதைப் பொறாது, நூறு வயது கடந்தும் பகை ஆறாத ஜமீன்தாரே. நம்பியார் அப்பாத்திரத்தை ஏற்றார். ஒளியையும் இருளையும் அதிற் பகுத்தளித்த ஒளிப்பதிவாளர் வின்சென்ற், அடுத்த ஆண்டே பஷீரின் எழுத்தைக் கொண்டு பார்கவி நிலையம் (1964) என்னும் மலையாளப் படத்தை இயக்கினார். அதன்கண் எழுத்தாளன் ஒருவன் தான் குடிபுகுந்த வீட்டின் ஆவியோடு உறவாடி அதன் துயரை எழுதுகின்றான். ஆவியை ஓட்டுவதை விடுத்து அதன் வழக்கைக் கேட்பது என்னும் இந்நெறி இக்கலையின் உயர்ந்த நிலையாகும்.

தேயிலை மலைக்கு அந்நெறியிற் சென்ற படம் பாலாவின் பரதேசி (2013). தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய போல் ஹரிஸ் டேனியல் 1969 இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது அது. களம் தமிழ்நாட்டு மலைத்தோட்டம். எனினும் ஹற்றன் மக்களின் மூதாதையர் வரலாறும் அஃதே. அதிற் பேய் இல்லை, பாழ்மாளிகை இல்லை. கங்காணியின் இன்சொல், வழியிற் சாய்ந்தவரைக் கைவிட்டுச் செல்லும் நெடுநடை, தப்ப முயன்றவனின் கால் நரம்பை அறுக்கும் தண்டனை ஆகியவையே அச்சத்தை வளர்க்கின்றன. ஊரில் விட்டுவந்த மனைவி பிள்ளையோடு தோட்டத்துக்கே வந்து சேரும் இறுதிக் காட்சியில், பிரிந்தோர் கூடும் மகிழ்ச்சியே பேரச்சமாக மாறுகின்றது. ஆயின் நோய் பரவும் பகுதியில், நாவலில் மனச்சான்றின் குரலாக நின்ற மருத்துவர் பாத்திரத்தை ஆடிப்பாடி மதம் பரப்பும் கேலிச்சித்திரமாக்கியமை பெருங்குறை. அதுவரை இறுகிய அச்சம் அவ்விடத்தில் நகையாய்ச் சிதறுகின்றது.

புதுமைப்பித்தன் காஞ்சனை என்னும் பேய்க்கதையையும் எழுதினார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற மருதியின் சீரழிவைக் கூறும் துன்பக்கேணியையும் எழுதினார். ஒரே கை எழுதிய இவ்விரண்டும் வேறு வேறு கதைகளாகவே நின்றன. இலங்கைத் தமிழ்த் திரையிலே தோட்ட வாழ்வைக் காட்டிய தோட்டக்காரி (1963), புதிய காற்று (1975) ஆகியனவும் சமூகப் படங்களாகவே அமைந்தன. காஞ்சனையின் ஐயமும் துன்பக்கேணியின் உண்மையும் ஒரு திரையிற் கூடுதல் இன்னும் நிறைவேற வேண்டிய பணியாகவே உள்ளது.

ஆதலின், மஞ்சும் மாளிகையும் உடைய படங்களை நாடும் மாணாக்கர் மதுமதியிலும் நெஞ்சம் மறப்பதில்லையிலும் தொடங்கி, எலிபன்ற் வோக்கைக் கண்டு, அதன்பின் பரதேசியைக் காணுதல் நன்று. அவ்வரிசையிற் காண்போர்க்கு அச்சம் மாளிகையிலிருந்து படிப்படியாக இறங்கி லயத்தை அடைவது விளங்கும். எலிபன்ற் வோக்கில் யானைகளால் உடைந்த மதிலுக்கு அப்பால் நிற்கும் பெயரற்ற கூட்டத்தினுள் தம் முன்னோரைத் தேடும் கண், பிறிதொரு படத்தைப் படைக்கவும் வல்லதாகும்.