பொறுமையும் ஏரிக்கரையும்

நம் மேடைகளிலும் ஏடுகளிலும் ‘பொறுமை’ எனும் சொல்லைப் போல் மிகுதியாக வழங்கப்படுவதும், குறைவாக ஆராயப்படுவதும் வேறொன்றில்லை. கணவர் கடல் கடந்திருக்க ஆண்டுக்கணக்கில் தனித்துக் குடும்பம் நடத்தும் பெண், படுக்கையில் வீழ்ந்த தாயை இரவு பகலாய்ப் பேணும் மகள், கடனுக்கு மேல் கடன் வாங்கிக் கடை நடத்தும் சிறு வணிகர் ஆகிய எவர் வந்து முறையிட்டாலும் ‘பொறுமையாயிருங்கள்’ என்கிறோம். கேட்பவர் செவியில் அது ‘பேசாதிருங்கள்’ என்றே விழுகிறது. இப்பொருள் அச்சொல்லுக்கு உரியதுதானா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அரபியில் ‘ஸப்ர்’ என்பதன் வேர்ப்பொருள் தடுத்தல், கட்டி நிறுத்துதல் என்பதாகும். தமிழில் ‘பொறை’ என்றால் சுமை. ‘பொறுத்தல்’ என்றால் தாங்குதல். ஒரு சொல் கரையை நினைவூட்டுகிறது. மற்றது பாரத்தை நினைவூட்டுகிறது. இரண்டிலும் ஊமையாயிருத்தல் எனும் பொருள் இல்லை. கரை கட்டிய முன்னோர் மிகுநீர் போகக் கலங்கலும் கட்டினர். பாரம் சுமந்த முன்னோர் வழியோரங்களில் சுமைதாங்கிக் கல்லும் நட்டனர். சொல்லை வைத்துக்கொண்டு கலங்கலையும் கல்லையும் மறந்தவர்கள் நாமே.

இம்மறதி நம் கதைசொல்லலில் நன்கு தெரிகிறது. அய்யூப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைச் சொல்ல வருவோர் பலர், புண்ணிலிருந்து விழுந்த புழுவை எடுத்து மீண்டும் புண்ணிலேயே விட்டார்கள் என்ற செய்தியில் நெடுநேரம் நின்று சபையை உருக்குவர். திருமறையில் அச்செய்தி இல்லை. அங்கே இருப்பது வேறு. தம்மைத் துன்பம் தீண்டிவிட்டதென அவர்கள் வாய்விட்டு இறைவனிடம் முறையிடுகிறார்கள். காலால் தரையை உதைக்குமாறு பணிக்கப்படுகிறார்கள். குளிக்கவும் பருகவும் தண்ணீர் கிடைக்கிறது. பிரிந்த குடும்பத்தார் மீளக் கிடைக்கின்றனர். முறையீடு, முயற்சி, மருந்து, சுற்றம் என்ற நான்கும் அங்கே உள்ளன. நான்கையும் விட்டுவிட்டுப் புழுவை மட்டும் எடுத்துக்கொண்ட சொற்பொழிவு பொறுமையைப் போதிப்பதாகாது, நோவைப் போதிப்பதாகும். யஃகூப் நபி (அலை) அவர்களோ, அழகிய பொறுமைக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர்கள். மகனை நினைந்து கண்கள் வெளுத்துப் போகுமளவு துயருற்றவர்களும் அவர்களே. கண்ணீர் பொறுமைக்குப் பகையன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நம் கண்முன் உள்ள மதுராந்தகத்தையே எடுத்துக்கொள்வோம். இவ்வூர் ஏரியைப் பற்றிய கதையை அறியாதார் இல்லை. 1798ஆம் ஆண்டு பெருமழையில் கரை உடையுமோ என அஞ்சிய கலெக்டர் லயனல் பிளேஸ் துரை, இரவில் இரு வில்லாளர் கரையைக் காத்து நிற்கக் கண்டார் என்பதும், கரை தப்பியதால் கோயிலில் தாயார் சன்னிதிக்குத் திருப்பணி செய்தார் என்பதும் அக்கதை. ஏரிகாத்த இராமர் என்ற பெயர் அதனால் விளங்குகிறது. சகோதர சமயத்தார் போற்றும் அந்நம்பிக்கையை எடை போடுவது நமது வேலையன்று. கதையைச் சொல்லும் முறையைப் பற்றியே நாம் பேசுகிறோம். சொல்வோர் ஓர் இரவைச் சொல்கின்றனர். அவ்விரவுக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் கரையின் கீழ் உறங்காதிருந்த மக்களைச் சொல்வதில்லை. கோடையில் குடிமராமத்து என்று வீட்டுக்கோர் ஆள் மண் சுமந்ததையும், மதகைப் பழுது பார்த்ததையும், கலங்கல் வழியே மிகுநீரைக் கிளியாற்றுக்கு விட்டதையும் சொல்வதில்லை. முழு நீர்மட்டம் 23.3 அடி என நெடுங்காலம் கணக்கிடப்பட்டு வந்த அவ்வளவு பெரிய ஏரி, மண்ணின் பிடிவாதத்தால் மட்டும் நின்றதில்லை.

மனிதர் உடலும் இவ்வாறே என்கிறது இன்றைய அறிவியல். ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ அறிஞர் 1936இல் தொடங்கிய ஆய்வுகளின் வழியே, இடைவிடாத நெருக்கடிக்கு ஆளான உடல் முதலில் விழித்தெழும், பின்னர் எதிர்த்து நிற்கும், முடிவில் களைத்து வீழும் எனக் காட்டினார். புரூஸ் மெக்கீவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல், நெடுநாள் நெருக்கடி உடலில் தேய்மானமாகச் சேர்வதை விளக்கினர். வெளியே அமைதியாய்த் தோன்றுவோர் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கலாம். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். வறுமையும் குடும்பக் குலைவும் சூழ வளர்ந்தவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையில் தலையெடுத்தனர். அவர்களுக்குக் கிடைத்த துணைகளுள் முதன்மையானது, அன்போடு உறுதியாய் நின்ற ஒரு பெரியவரின் உறவாகும். பாட்டியாயினும், அண்டை வீட்டாராயினும், ஆசிரியராயினும் சரியே.

இது நமக்குப் புதிதன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ எனும் நூலில் உடலோடு உள்ளத்தின் நலத்தையும் சேர்த்தே ஆராய்ந்தார். சினம், அச்சம், துயரம், ஓயாத வீண் எண்ணம் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து மருந்து கூறினார். திடீர் நோய்க்கென வீட்டில் மருந்து வைத்திருப்பது போல், நலமாயிருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டுமென்பது அவர் அறிவுரை. கோடையில் கரையைப் பலப்படுத்துங்கள் என்பதே அதன் சாரம் அன்றோ!

2004 டிசம்பர் 26ஆம் நாள் கல்பாக்கம், மாமல்லபுரம் கரையோரங்களைக் கடற்கோள் தாக்கிய பின், தமிழகக் கடலோரத்தில் வீடும் படகும் வழங்கினால் போதாது, உள்ளத்துக்கும் துணை வேண்டும் என்று உணரப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் ஊர்த் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தனர். துயருற்றோர் சொல்வதை இடைமறிக்காது கேட்பதே அத்தகைய தொண்டின் முதற்படி.

பெருந்துயருக்கு இது பொருந்துமெனில், அன்றாடத் துயருக்கும் பொருந்தும். ஆகவே எழுதுவோரையும் பேசுவோரையும் நாம் வேண்டுவது இதுவே: பொறுமையைப் புகழுமுன், பொறுப்பவர்க்குத் துணை யார் என்று கேளுங்கள். குடும்பத் தலைவர்களை வேண்டுவது: வாரத்தில் ஒரு நாளேனும் தாயைப் பேணும் மகளிடமிருந்து அப்பணியை வேறொருவர் ஏற்கட்டும். உறக்கமும் உணவும் இழந்து வாடுவோரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வது ஈமானின் குறையன்று. அதுவும் காலால் தரையை உதைப்பதே. கரையைப் பாடிய ஊர், மண் சுமந்த தோள்களையும் பாடட்டும்.