கட்டங்களுக்குள் அந்தமான்

போர்ட் பிளேர் செல்லுலார் சிறையில் எல்லோரும் எடுக்கும் படம் ஒன்று உண்டு: நீண்ட தாழ்வாரம், ஒருபுறம் வளைவுகள், மறுபுறம் வரிசையாகக் கம்பிக் கதவுகள், தொலைவில் ஒரே புள்ளியில் கூடும் கோடுகள். செல்போன் திரையில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் யாருக்கும் கைகூடும். எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. அந்த ஒழுங்கு படமெடுப்பவர் கற்பித்ததல்ல. 1896 முதல் 1906 வரை சிறையைக் கட்டியவர்கள் தண்டனையாகவே வகுத்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் சக்கர ஆரங்களாக விரிந்தன. இன்று எஞ்சியவை மூன்று. ஒரு சிறகின் அறைகள் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்திருந்தன. ஒரு கைதி எதிர்ச் சிறகில் இன்னொரு முகத்தைக் காண வழியில்லை. இப்படி 690க்கும் மேற்பட்ட தனிக்கொட்டடிகள். இதைச் சொல்ல, ஒரே கதவு திரும்பத் திரும்ப வருகிற படத்தைவிடப் பொருத்தமான வடிவம் எது?

ஆனால் அதே படம் சிறையை அழகாக்கியும் விடுகிறது. கோடுகளின் லயத்தில் கண் வழுக்கிக்கொண்டு போகிறது. எந்தக் கதவிலும் நிற்பதில்லை. நின்றால்தான், தாழ்ப்பாளின் நுனி கதவைத் தாண்டிச் சுவர் மாடத்துக்குள், உள்ளிருப்பவர் கைக்கு எட்டாதபடி போய் முடிவது தெரியும். ஒழுங்கைக் கலைத்து அந்த ஒரு தாழ்ப்பாளை நெருங்கி எடுத்த படம், தாழ்வாரம் முழுவதையும்விட அதிகம் சொல்கிறது என்பேன்.

மனித உடலுக்குப் பின்னால் கட்டம் வரும்போது சிக்கல் கூர்மையாகிறது. அந்தமான் பழங்குடியினருக்குப் பொறுப்பாக இருந்த பிரிட்டிஷ் அதிகாரி எம்.வி. போர்ட்மன், 1890களில் அவர்களைக் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தீட்டிய திரைமுன் நிறுத்தி, நேராகவும் பக்கவாட்டிலும் படமெடுத்தார். ஒவ்வொரு கட்டமும் 2 அங்குலச் சதுரம். சிறைக் கட்டுமானம் தொடங்கிய அதே 1896இல், மானிடவியலாளர்களுக்கான ஒளிப்பட முறைகளை விளக்கிக் கட்டுரையும் வெளியிட்டார். அளவை என்ற வகையில் அம்முறை துல்லியமானது. உயரத்தையும் உடல் விகிதத்தையும் கட்டங்களை எண்ணியே ஒப்பிடலாம். ஆனால் அளவைத் தவிர வேறெதையும் அந்தத் திரை தங்க விடவில்லை. காடு போயிற்று, உறவுகள் போயின, செய்துகொண்டிருந்த வேலையும் போயிற்று. நிற்கச் சொன்னவரின் அதிகாரம் மட்டும் ஒவ்வொரு சதுரத்திலும் தெரிகிறது.

அதே போர்ட்மன், வில்லும் வாய்ச்சியும் செய்யும் படிநிலைகளை வரிசையாகப் படமெடுத்திருக்கிறார். அங்கே அளவுத்திரை இல்லை. மரத்தைப் பற்றும் கை, வேலைக்காகக் குனியும் முதுகு, இவையே சட்டகத்தைக் கட்டுகின்றன. பட அமைப்பு என்ற நோக்கிலும் அவையே மேலானவை. கட்டத்திரைப் படங்களை அச்சிடும் நூல்களும் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்களும் அவற்றைத் தனியே வைக்கக் கூடாது. வில் செய்யும் வரிசையை அருகிலேயே வைக்க வேண்டும். அளக்கப்பட்ட மக்கள் எதையெல்லாம் அறிந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் பார்ப்பவருக்குத் தெரியவரும்.