நூறு மெகாபிட் 'வரை'

வீட்டுக்கு அதிவேக இணைய இணைப்பு வாங்க நினைப்பவர் விளம்பரத்தில் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று விலை, மற்றது வேகம். மாதம் இத்தனை ரூபாய், விநாடிக்கு 100 மெகாபிட் வரை என்று பெரிய எழுத்தில் இருக்கும். விலையோடு 18 விழுக்காடு வரி சேரும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். அதையாவது பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிடலாம். வேகத்தைப் பற்றிய எண்ணில் விடுபட்டிருப்பது எந்தக் கண்ணாடிக்கும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் தாம் அளந்ததை '100 வரை' என்று குறிப்பேட்டில் எழுதினால் அதை எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். 3-ம் '100 வரை'தான், 97-ம் '100 வரை'தான்.

இதில் அலகுக் குழப்பத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்டே. 1 கிகாபைட் அளவுள்ள படத்தை இறக்க, எல்லாம் சரியாக நடந்தால், 80 விநாடி ஆகும். கணிப்பொறித் திரையில் 12 என்று காட்டுவதைக் கண்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று கோபிப்பவர்கள் உண்டு. அந்தக் கோபத்துக்கு இடமில்லை.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. பழைய தொலைபேசியின் செம்புக் கம்பி வழியே இணையம் வந்தபோது, நிலையத்திலிருந்து வீடு தள்ளிப்போகப் போகக் குறிகை நலிந்து வேகமும் குறைந்தது. அங்கே 'வரை' என்ற சொல்லுக்கு இயற்பியல் காரணம் இருந்தது. இன்று வீட்டுக்கு வருவது ஒளியிழை. 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் கிலோமீட்டருக்கு 20 டெசிபலுக்கும் குறைவான இழப்புள்ள இழையைச் செய்ததே பெரிய சாதனையாகக் கொண்டாடப்பட்டது. 20 டெசிபல் இழப்பு என்றால் ஒரு கிலோமீட்டர் கடந்ததும் நூறில் ஒரு பங்கு ஒளிதான் எஞ்சும். இன்றைய இழையில், 1550 நானோமீட்டர் அலைநீளத்தில், இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல். 20 கிலோமீட்டர் சென்ற பின்னும் ஏறத்தாழ 40 விழுக்காடு ஒளி எஞ்சுகிறது. ஆகவே மாலையில் படம் நின்று நின்று ஓடினால் கண்ணாடி இழையின் மேல் பழி போடுவதற்கில்லை.

காரணம் பங்கீடு. பரவலாக உள்ள முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, தெருவில் ஒரு பிரிப்பான் மூலம் 32 அல்லது 64 வீடுகளுக்குக் கிளை விடுகிறது. அந்த இழையில் வருவது விநாடிக்குச் சுமார் 2500 மெகாபிட். 64 வீட்டாரும் ஒரே விநாடியில் கேட்டால் ஆளுக்கு 39. எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறப்பதில்லை என்பதை நம்பித்தான் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் கட்டப்படுகிறது. எனவே பங்கிடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பங்கிடாவிட்டால் இந்த விலைக்கு இணைப்பே கிடைக்காது. ஆனால் நிலையத்துக்கு அப்பால், வெளியுலகை நோக்கிச் செல்லும் வழியை எத்தனை வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன? உண்மையான நெரிசல் பெரும்பாலும் அங்கேதான் ஏற்படுகிறது. விளம்பரமோ அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அரசின் அளவுகோல் இதற்குத் துணைபோகிறது என்பதே என் முக்கியமான குறை. அகன்ற அலைவரிசை, அதாவது பிராட்பேண்ட், என்று அழைக்கப்படுவதற்கு 2004-ஆம் ஆண்டுக் கொள்கை விதித்த தகுதி விநாடிக்கு 256 கிலோபிட். பின்னர் அது 512 ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. அந்த வேகத்தில், மேலே சொன்ன 1 கிகாபைட் படம் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்தக் கோலால் அளந்துதான் 2024 மார்ச்சில் நாட்டில் 92 கோடிப் பிராட்பேண்ட் இணைப்புகள் என்று எண்ணினார்கள். அவற்றுள் கம்பி அல்லது இழை வழியாக வந்தவை சுமார் 4 கோடி மட்டுமே. மற்றவற்றில் மிகப் பெரும்பாலானவை கைப்பேசிகள். ஒரு கோபுரத்தின் அலைவரிசையை அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் பகிர்ந்துகொள்கிறார்கள். பேசவும் செய்தி அனுப்பவும் அது போதும். ஒரே வீட்டில் இரு பிள்ளைகள் காணொளிப் பாடம் படிக்க அதை நம்ப முடியாது.

வீட்டு இணைப்பு ஏன் பரவவில்லை? பள்ளம் தோண்டுவதும் கம்பம் நடுவதும் அனுமதி பெறுவதும் இழையின் விலையைக் காட்டிலும் பெரிய செலவுகள். ஒரு கிலோமீட்டர் தெருவில் 60 வீடுகள் இருந்தால் அச்செலவு 60 பங்காகும். 6 வீடுகள் இருந்தால் தலைக்குப் பத்து மடங்கு. எனவே நகரின் அடுக்குமாடி வீட்டுக்கு மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டு வருகின்றன, குக்கிராமத்துக்கு ஒன்றும் வருவதில்லை. இணையம் மலிந்துவிட்டது என்கிறோம். இணைப்பே இல்லாத ஊரில் அந்த மலிவு விலைக்குப் பொருளில்லை. 2011-இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டம் சுமார் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கு இழை கொண்டுசெல்வதை நோக்கமாகக் கொண்டது. நல்ல திட்டந்தான். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த இழை அங்கிருந்து வீடுகளுக்குப் போவதே கடினமான பகுதி. அங்கேயும் ஒரு 'வரை'!

பிரிட்டனில் இவ்விரு குறைகளையும் தனித்தனியே கவனித்திருக்கிறார்கள். முன்பு அங்கே பத்தில் ஒரு வாடிக்கையாளருக்குக் கிடைத்தாலே ஒரு வேகத்தை விளம்பரம் செய்யலாம். 2018 மே மாதம் முதல், இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள், பாதிப் பேருக்காவது கிடைக்கும் வேகத்தையே சராசரி என்று குறிப்பிட வேண்டும். 2020 மார்ச்சில், விநாடிக்கு 10 மெகாபிட் இணைப்பு கேட்கும் உரிமையும் வீடுகளுக்கு வந்தது. 3400 பவுண்டுக்கு மேற்பட்ட செலவை வீட்டாரே ஏற்க வேண்டும் என்பதால் தொலைவிலுள்ள பண்ணை வீடுகளுக்கு அது அவ்வளவாக உதவாது. நம் நாட்டில் அப்படியோர் உரிமையை எழுதப் பெரும் பணம் வேண்டும், பல ஆண்டுகளும் ஆகலாம். முதல் விதிக்கு அந்தத் தடை இல்லை. நெரிசல் நேரத்தில் அளந்த வேகத்தை விளம்பரத்தில் அச்சிடச் சொல்வதற்கு எங்கும் ஒரு மீட்டர் பள்ளம்கூடத் தோண்ட வேண்டியதில்லை.