கொடுத்துவிட்ட ஃபிலிம் சுருள்

1989இல் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காக டெல்லித் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார் தயானிதா சிங். படம் லண்டனில் வெளியாகும் என்று தெரிந்ததும் மோனா அகமது பதறிவிட்டார். அங்கே உறவினர்கள் இருந்தார்கள். தயானிதா ஃபிலிம் சுருளையே அவரிடம் கொடுத்துவிட்டார்.

தயானிதாவின் கலை இங்கேதான் தொடங்குதுன்னு நினைக்கிறேன். அதற்குப் பிறகும் நட்பு நீடித்து, 2001இல் 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகமாக வந்தது. கல்லறைத் தோட்டத்தில் மோனா தனித்திருக்கும் படங்களை மட்டும் பார்த்தால், பத்திரிகைகள் தேடும் அதே பரிதாபம்தானேன்னு தோணும். ஆனா எழுத்து மோனாவுடையது: பதிப்பாளருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்கள். அவற்றையும் சேர்த்துப் படிக்கும்போது படம் தயானிதாவுக்கு மட்டும் சொந்தமில்லாமல் போகுது. 2022இல் அவருக்குக் கிடைத்த ஹாசல்பிளாட் விருதைவிட எனக்கு இதுதான் பெரிசு.